செவியும் செவிவழிச் செய்தியும்

பாட்டுக் கேட்கச் செவி போதும் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இப்போது செவிக்கு முன்னால் ஒரு கடை தேவைப்படுகிறது. ஆம்பிளிஃபயருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே ஓடும் கம்பி வெள்ளியால் ஆனதாக இருக்க வேண்டும். அது தரையில் படாதபடி பீங்கான் முட்டுகளின்மேல் அதைத் தாங்க வேண்டும். சுவரிலிருந்து மின்சாரம் எடுக்கும் வடம் பெருவிரல் பருமனில் இருக்க வேண்டும். குறுந்தகட்டின் விளிம்பில் பச்சை மை பூச வேண்டும். கருவிகளைச் சுற்றிக் கண்ணாடிப் புட்டியில் அடைத்த கூழாங்கற்களை வைக்க வேண்டும். இவற்றில் ஒன்றும் என் கற்பனையன்று. எல்லாம் விற்கப்பட்டவை, வாங்கப்பட்டவை, புகழ்ந்து எழுதப்பட்டவை. 1990ஐ ஒட்டி அமெரிக்காவில், சாதாரண மின்கடிகாரம் ஒன்றை ஏதோ பக்குவம் செய்ததாகச் சொல்லி 350 டாலருக்கு விற்றார்கள். வீட்டின் மின்இணைப்பில் அதைச் சொருகி வைத்தால் எலக்ட்ரான்கள் ஒழுங்குபட்டு இசை தெளிவாகிவிடுமாம்.

இதையெல்லாம் இலக்கியம் படிப்பவர்களிடம் ஏன் சொல்ல வேண்டும்? பொறியாளர்கள் பார்த்துக்கொள்ளட்டுமே என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த வணிகத்தில் கைமாறுவது கம்பியன்று, மொழி. கம்பியைக் கழற்றிவிட்டு வெறும் விளம்பர வாசகத்தை மட்டும் விற்க முடிந்தால் அதையே விற்பார்கள். மொழி எங்கே கள்ள நாணயமாகப் புழங்குகிறதோ அங்கே மொழி பயின்றவனுக்கு ஒரு வேலை இருக்கிறது.

இந்த மதிப்புரைகளின் நடையைக் கவனியுங்கள். புதிய வடத்தை மாட்டியதும் 'திரை விலகியது' என்பார்கள். 'மௌனம் மேலும் கருமையானது', 'குரலைச் சுற்றிக் காற்று உலவியது', 'மிருதங்கத்தின் தோலைத் தொட முடிந்தது' என்றெல்லாம் தொடர்வார்கள். அத்தனையும் உவமைகள், சில நல்ல உவமைகளும்கூட. உவமையோடு எனக்கு என்ன பகை? ஆனால் அடுத்த வரியிலேயே எழுத்து தடம் மாறும். 'படிக அமைப்பின் எல்லைகளில் எலக்ட்ரான்கள் சிதறாததால் இது நிகழ்கிறது' என்று ஒரு காரணம் வந்து உட்காரும். உவமையில் ஏறி அளவையில் இறங்குகிறார்கள். கவிதைக்குரிய சலுகையைக் கேட்டு வாங்கி, அறிவியலுக்குரிய நம்பிக்கையை அறுவடை செய்கிறார்கள். சான்று கேட்டால் 'அது அனுபவம் சார், அளக்க முடியாது' என்பார்கள். அளக்க முடியாது என்றால் எலக்ட்ரானை ஏன் சாட்சிக்கு அழைத்தீர்கள் என்பதுதான் என் முதல் கேள்வி.

இந்தக் காரணங்களில் முழுப் பொய் குறைவு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இவர்களின் சாமர்த்தியம் அங்கேதான் இருக்கிறது. உயர்ந்த அதிர்வெண்களில் மின்னோட்டம் கம்பியின் மேற்புறத்தை நோக்கி ஒதுங்கும் என்பது உண்மை. செவிக்கு எட்டும் உச்ச எல்லையான 20,000 ஹெர்ட்ஸில் அது செம்புக்குள் ஏறத்தாழ 0.46 மில்லிமீட்டர் ஆழம் இறங்குகிறது. கடைத்தெருவில் கிடைக்கும் ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் கம்பியின் ஆரமே முக்கால் மில்லிமீட்டருக்குக் குறைவு. விளைவு உண்டு, ஆனால் இரண்டு மீட்டர் நீளத்தில் அதனால் கூடும் மின்தடை செவியை எட்டாது. ஆக்சிஜன் நீக்கிய செம்பு சாதாரண மின்கம்பிச் செம்பைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்தும் என்பதும் உண்மை. வேறுபாடு ஒரு சதவீத அளவு. வெள்ளி செம்பைவிட மேல் என்பதும் உண்மை. ஐந்தாறு சதவீதம் மேல். அந்த ஐந்தாறு சதவீதத்தைச் சற்றே பருமனான செம்பு சில ரூபாயில் தந்துவிடும். ஆக, விளைவின் பெயரைச் சொல்லுகிறார்கள், அதன் அளவை மறைக்கிறார்கள். இந்த வணிகத்தின் இலக்கணம் முழுவதும் இந்த ஒரு விதிக்குள் அடங்கிவிடும்.

கணக்கையே போட்டுப் பார்க்கலாம். அதே ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, இரண்டு மீட்டர் தூரம். போக வர நான்கு மீட்டர். மின்தடை சுமார் 0.045 ஓம். எட்டு ஓம் ஒலிபெருக்கிக்கு முன்னால் இது அரை சதவீதத்தை ஒட்டியது. ஒலியளவில் ஏறத்தாழ 0.05 டெசிபல் குறையும். மிகக் கவனமாக ஒப்பிட்டாலும் கால் டெசிபல் வேறுபாட்டைச் செவி பிடிப்பதே அரிது. கம்பியின் மின்தடையை அறவே இல்லாமல் ஆக்கினாலும் மீளக்கூடியது இந்த 0.05 மட்டுமே. 2007இல் பேசப்பட்ட பியர் நிறுவனத்தின் ஆன்ஜூ என்ற வடம் பன்னிரண்டு அடி நீளத்துக்கு 7,250 டாலர். இன்றைய மாற்று மதிப்பில் ஆறு லட்சம் ரூபாய்க்கு மேல். நம் அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளராக இருப்பவருக்கு அது ஏறத்தாழ ஈராண்டு ஊதியம்.

கம்பி முக்கியமே இல்லை என்று சொல்ல வரவில்லை. அது எங்கே முக்கியம் என்பது எங்கள் உத்திரமேரூர் வட்டாரத்தில் ஆடி மாதம் கூழ்வார்த்தல் திருவிழாவுக்குக் குழாய் ஒலிபெருக்கி கட்டும் சவுண்ட் சர்வீஸ்காரருக்குத் தெரியும். அம்மன் கோயிலிலிருந்து ஊர் எல்லைவரை நூறு மீட்டர், இருநூறு மீட்டர் என்று இழுக்க வேண்டியவர் அவர். ஒரு சதுர மில்லிமீட்டர் கம்பியை நூறு மீட்டர் இழுத்தால் போக வர மூன்று ஓமுக்கு மேல் மின்தடை சேரும். எட்டு ஓம் ஒலிபெருக்கியை நேரடியாக மாட்டினால் அதற்குச் சேரவேண்டிய சக்தியில் பாதிதான் போய்ச்சேரும். அதனால்தான் நூறு வோல்ட் இணைப்பு என்ற முறை வந்தது. இந்த முனையில் மின்னழுத்தத்தை ஏற்றி அனுப்பி, அந்த முனையில் சிறு டிரான்ஸ்ஃபார்மர் வைத்து இறக்கிக்கொள்கிறார்கள். இது கைக்கு எட்டிய அறிவியல். உயிருள்ள மௌனம் பற்றியோ கருமை பற்றியோ அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார். கடைசித் தெருவில் பாட்டு கேட்கிறதா இல்லையா என்பதே அவருக்குத் தேர்வு. கேட்கவில்லையென்றால் திருவிழாக் குழுவினர் காசு கொடுக்கமாட்டார்கள்.

மின்வடம் விற்பவருக்கு அப்படியொரு தேர்வும் இல்லை. கல்பாக்கத்திலோ நெய்வேலியிலோ பிறக்கும் மின்சாரம் எஃகு நடுவே ஓடும் அலுமினியக் கம்பிகளில் ஊர் ஊராகக் கடந்து, துணைமின் நிலையத்தில் இறங்கி, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் மீண்டும் இறங்கி, மழையில் நனைந்து காக்கை உட்கார்ந்த கம்பியின் வழியாக வீட்டுக்குள் வருகிறது. சுவரிலிருந்து கருவிவரையுள்ள கடைசி ஒரு மீட்டரில் அதற்கு ஞானஸ்நானம் செய்விக்கிறோம் என்கிறார்கள். குறைந்த மின்னழுத்தம் கிராமத்தின் உண்மையான தொல்லை. அதற்கு ஸ்டெபிலைசர் இருக்கிறது, அதன் வேலை மீட்டர் முள்ளில் தெரியும். ஒலிபெருக்கி வடங்களில் அம்புக்குறி போட்டு 'இந்தத் திசையில் மாட்டவும்' என்று எழுதுகிறார்களே, அது இன்னும் வேடிக்கை. ஒலிபெருக்கிக்குச் செல்வது நொடிக்கு நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான முறை திசை மாறும் மின்னோட்டம். பாதி நேரம் அம்புக்கு எதிராகத்தான் அது ஓடியாக வேண்டும். 2008இல் டெனான் நிறுவனம் கணினிகளை இணைக்கும் வகையைச் சேர்ந்த ஒன்றரை மீட்டர் வடத்துக்கு 499 டாலர் விலை வைத்து, அதிலும் அம்புக்குறி போட்டது.

இந்த இடத்தில் நண்பர்கள் ஒரு நல்ல கேள்வி கேட்பார்கள். 'சிறிய பொருள் பெரிய மாற்றம் செய்யாதா? தம்புராவைப் பாருங்கள்' என்பார்கள். பார்ப்போம். தம்புராவின் குதிரைமேல் தந்திக்கு அடியில் ஒரு நூல் இழையைச் செருகுகிறார்கள். ஜீவா என்று அதற்குப் பெயர். கால் காசு பெறாத நூல். அதை ஒரு மயிரிழை நகர்த்தினால் தந்தியின் நாதம் மலர்கிறது, இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் செத்துவிடுகிறது. மிருதங்கத்தில் வலந்தலையின் நடுவே பூசும் கருஞ்சாந்தும் தொப்பியில் ஒட்டும் ரவையும் அப்படித்தான். இவற்றைக் கேட்டுணர யாருக்கும் விளம்பரத் தாள் தேவைப்படவில்லை. அரங்கின் கடைசி வரிசையில் கண்மூடி அமர்ந்திருப்பவருக்கும் தெரிகிறது.

அறிவியலும் இவற்றைக் கண்டு முகம் திருப்பவில்லை. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன், ஒளிச்சிதறலுக்காக உலகறியப்படுவதற்கு முன்பு, கல்கத்தாவில் இருந்துகொண்டு இதே நூலையும் இதே சாந்தையும் ஆராய்ந்தார். சாதாரணத் தோல்வாத்தியத்தின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசையாதவை. நடுவில் ஏற்றிய கருஞ்சாந்தின் சுமை அவற்றை இசைவான வரிசைக்குக் கொண்டுவருகிறது. இதை 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து நேச்சர் இதழில் எழுதினார். தம்புரா, வீணை ஆகியவற்றின் குதிரை அமைப்பு தந்தியின் அதிர்வை எப்படி மாற்றுகிறது என்பதை 1921இல் எழுதினார். பின்னர் 1934இல் மிருதங்கத் தோலின்மேல் மணல் தூவி அதன் அதிர்வு வடிவங்களைப் படமாகவே காட்டினார். நம் கைவினைஞர்கள் செவியால் கண்டடைந்ததை ராமன் கருவியால் உறுதிசெய்தார். அந்தச் செவிக்கும் அந்தக் கருவிக்கும் இடையில் சண்டையே வரவில்லை. உண்மையான விளைவின் அடையாளம் இதுதான். செவி முதலில் கேட்கும், அளவை பின்னால் வந்து ஆமோதிக்கும். வெள்ளி வடத்தின் கதையில் அளவை 'ஒன்றுமில்லை' என்கிறது, செவியோ பெயர்ப்பலகையைப் பார்த்த பிறகுதான் கேட்கிறது.

செவி பெயர்ப்பலகையைப் பார்க்கிறது என்பது வெறும் ஏளனப் பேச்சில்லை. 2007இல் மேயர், மோரன் என்ற இருவர் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர்தரம் என்று விற்கப்பட்ட தட்டுகளின் ஒலியை நேராகவும், சாதாரணக் குறுந்தகட்டின் தரத்துக்குக் குறைத்தும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். எது எது என்று கேட்பவருக்குத் தெரியாது. 554 முறை கேட்டதில் 276 முறை சரியாகச் சொன்னார்கள். காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்.

2022இல் நடந்தது இதைவிடச் சுவையானது. அமெரிக்காவின் மொபைல் ஃபிடலிட்டி நிறுவனம் மூல நாடாவிலிருந்து பழைய முறையிலேயே இசைத்தட்டுத் தயாரிப்பதாகப் பெயர் பெற்றது. டிஜிட்டல் ஒலி 'உயிரற்றது' என்று சாதிப்பவர்கள் அதன் தட்டுகளை உதாரணமாகக் காட்டிவந்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் அதன் பொறியாளர்களே உண்மையைச் சொன்னார்கள். 2011 முதலே பல தட்டுகளில் இடையில் ஒரு டிஜிட்டல் படி இருந்திருக்கிறது. பத்தாண்டுக்கு மேல் அந்த 'உயிரின்மை'யை ஒரு செவியும் காட்டிக்கொடுக்கவில்லை. விவகாரம் வழக்காகி, வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித்தரும் சமரசத்தில் முடிந்தது. அந்தத் தட்டுகள் நன்றாக ஒலித்தன என்பதில் ஐயமில்லை. நன்றாக ஒலித்ததற்குச் சொல்லப்பட்ட காரணம்தான் பொய்.

'நீங்கள் கேட்டதேயில்லை சார், ஒருமுறை வந்து கேட்டுவிட்டுப் பேசுங்கள்' என்பது அடுத்த அழைப்பு. இது நியாயம்போல் தெரியும். ஆனால் செய்துகாட்டல் வேறு, சோதனை வேறு. தமிழ்நாட்டில் இந்த வேறுபாட்டை அறியாதவர் இருக்க முடியாது. 1996இல் ராஜபாளையம் பக்கத்து ராமர் பிள்ளை மூலிகையிலிருந்து பெட்ரோல் எடுப்பதாகச் செய்துகாட்டினார். பார்த்தவர்களில் படித்தவர்களும் அறிவியல் அறிந்தவர்களும் இருந்தார்கள். கடைசியில் அவர் விற்றது பெட்ரோலியப் பொருள்களின் கலவை என்பது வெளிப்பட்டு, 2016இல் சென்னை சிபிஐ நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. ஏமாந்தவர்களுக்குக் கண் இல்லாமலில்லை. என்ன கலக்க வேண்டும், எதனால் கலக்க வேண்டும், எப்போது காட்ட வேண்டும் என்பதையெல்லாம் காட்டுபவரே முடிவுசெய்தார். ஒலிக்கூடத்திலும் அதேதான் நடக்கிறது. எந்தப் பாட்டு, எந்த ஒலியளவு, எந்த வடம் முதலில் என்பதெல்லாம் விற்பவர் கையில். இரண்டாவது முறை ஒலியளவைச் சிறிதே ஏற்றினால் போதும். 'கூடுதல் சத்தம்' என்று செவி அதை உணராது, 'கூடுதல் தெளிவு' என்றே உணரும்.

காட்டுபவர் கையைக் கட்டுவது எப்படி என்பதற்கு நான் மேற்குலகுக்குப் போக வேண்டியதில்லை. எங்கள் ஊர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் வெட்டியவை. குடவோலை முறையை எல்லோரும் மக்களாட்சிக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அது சோதனை முறைக்கான பாடமாகவே படுகிறது. வெறும் குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கிக் காட்ட வேண்டும். ஓலைகளை அதிலிட்டுக் குலைக்க வேண்டும். விவரம் ஏதும் அறியாத ஒரு சிறுவன் எடுக்க வேண்டும். அவன் தரும் ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவன் வாசித்த பிறகு அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் வாசிக்க வேண்டும். ஒவ்வொரு விதியும் ஒரு தந்திரத்தை அடைக்கிறது. அந்தச் சபையினர் ஒருவரையொருவர் அயோக்கியர் என்று நினைத்ததால் இப்படி எழுதியிருக்க வேண்டியதில்லை. நல்லவரின் கையும் தான் விரும்பும் ஓலையை நோக்கியே போகும் என்பதை அறிந்திருந்தார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க நாம் கடைப்பிடித்த எச்சரிக்கையை, ஆறு லட்ச ரூபாய் வடம் வாங்கும்போது கடைப்பிடிக்கச் சொன்னால் 'ரசனையற்றவன்' என்கிறார்கள். அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி 2007இல் இதைத்தான் கேட்டார். அந்த ஆன்ஜூ வடத்தைச் சாதாரண வடத்திலிருந்து பார்க்காமல் பிரித்தறிந்தால் பத்து லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார். பேச்சு நடந்தது, சோதனை நடக்கவில்லை.

இனி அனுபவம் என்ற பிரம்மாஸ்திரம். இலக்கிய நண்பர்கள் இதற்குத்தான் எளிதில் இளகிவிடுகிறார்கள். 'ஒரு கவிதை என்னை உலுக்கியது என்றால் அதற்கு நிரூபணம் கேட்பீர்களா?' என்பார்கள். கேட்கமாட்டேன். 'இந்த வடத்தோடு கேட்கும்போது எனக்கு நிறைவாக இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால் அவர் தம் மனத்தைப் பற்றிச் சொல்கிறார். அதற்கு அவரே சாட்சி. 'இந்த வடம் ஒலியை மாற்றுகிறது' என்றால் உலகத்தைப் பற்றிச் சொல்கிறார். உலகம் எல்லோருக்கும் பொது, சாட்சியும் பொதுவாக இருந்தாக வேண்டும். நம் மரபு இந்த வேறுபாட்டை அறியாததன்று. மணிமேகலையின் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் அளவைகளை அடுக்கிய கையோடு அளவைப் போலிகள் எட்டையும் சொல்கிறார் சாத்தனார். சிப்பியை வெள்ளி என்று கொள்வது திரியக் கோடல். ஆராயாமல் முடிவுக்கு வருவது தேராது தெளிதல். பிறர் சொன்னார் என்பதாலேயே காரணமின்றி ஒன்றைக் கருதிக்கொள்வது நினைப்பு. இங்கே வெள்ளி வெள்ளியேதான், அதிலிருந்து வருவதாகச் சொல்லப்படும் தெளிவுதான் சிப்பி. காட்சியும் பிழைபடும் என்று அறிந்து, பிழைபடும் வழிகளுக்குப் பெயரும் வைத்த மொழியில் நின்றுகொண்டு 'நான் உணர்ந்தேன், அதுவே போதும்' என்பது மரபுமன்று, ரசனையுமன்று.

கண்ணைக் கட்டிக் கேட்டால் பதற்றம் வருகிறது, நுட்பம் தப்பிவிடுகிறது என்று ஒரு சமாதானம் உண்டு. அடுத்த அறையிலிருந்த மனைவிக்கே வேறுபாடு கேட்டது என்று எழுதுகிறவர்கள் இவர்கள். சமையலறைவரை எட்டிய வேறுபாடு கைக்குட்டையைத் தாண்ட முடியாதா?

'பணக்காரன் காசு, உனக்கென்ன?' என்பது கடைசிக் கேள்வி. பணக்காரன் காசு மட்டுமாக இருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இந்த மொழி படியிறங்கி வருகிறது. சில ஆயிரம் ரூபாயில் ஒலிக்கருவி வாங்க வரும் மாணவனிடமும் அதே 'ஆக்சிஜன் நீக்கிய' மந்திரம் சொல்லப்படுகிறது. நல்ல ஒலிபெருக்கிக்குப் போக வேண்டிய அவன் காசு முலாம் பூசிய முனைகளுக்குப் போகிறது. உண்மையில் ஒலியை மாற்றுபவை ஒலிபெருக்கி, அறை, பதிவின் தரம் ஆகிய மூன்றும்தான். வெறுஞ்சுவருள்ள கூடத்தில் புத்தக அலமாரி ஒன்றை நிறுத்தி, தரையில் ஒரு ஜமக்காளத்தை விரித்தால் வரும் மாற்றத்தை எந்த வடமும் தராது. அதைவிட மோசம், இசை தனக்குரியதல்ல என்ற எண்ணத்தை அவன் மனத்தில் விதைப்பது. இலங்கை வானொலியைக் கரகரப்போடு மத்திய அலையில் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை இங்கே இருக்கிறது. அவர்கள் கேட்டது பாட்டில்லையா? கோடம்பாக்கத்தில் அந்தப் பாடல்கள் பதிவானபோது மைக்கிலிருந்து நாடாவரை ஓடியவையும் சாதாரண வடங்கள்தாம்.

ஆகவே விற்பவர்களிடம் நான் கேட்பது கடினமான ஒன்றன்று. விளைவின் பெயரோடு அதன் அளவையும் எழுதுங்கள். அளவு இல்லையென்றால் எலக்ட்ரானை விட்டுவிடுங்கள். அழகான பொருள், விலை இவ்வளவு என்று விற்றுக்கொள்ளுங்கள். தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பத்து லட்சம் ரூபாய்வரை அபராதம் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாங்கப் போகும் நண்பர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். புதிய வடம், பழைய வடம், ஒரு திரை, விவரம் அறியாத ஒரு சிறுவன், ஒரு நாணயம். ஒலியளவு இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். தலை விழுந்தால் புதியது, பூ விழுந்தால் பழையது. மாட்டியதை அவன் தாளில் எழுதிக்கொள்ளட்டும், நீங்கள் கேட்டதை நீங்கள் எழுதுங்கள். பத்து முறை. குருட்டாம்போக்கில் ஒன்பதோ அதற்கு மேலோ சரியாக வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்புதான். உங்களுக்கு ஒன்பது வந்தால் இன்னொரு பத்து முறை செய்து பாருங்கள். அப்போதும் வந்தால் வடத்தை வாங்குங்கள், எனக்கும் சொல்லி அனுப்புங்கள், வந்து கேட்கிறேன். ஐந்து வந்தால் அந்தப் பணத்துக்குக் கச்சேரிகள் கேட்கலாம், ஒலித்தட்டுகள் வாங்கலாம். மறக்காமல் அந்தச் சிறுவனுக்கு ஒரு மிட்டாயும் வாங்கிக் கொடுங்கள்.